சந்தனம் வைத்த சன்னங்கள்

மூன்று புறமும் கடல் வந்து அடிபணிய மலைமுடியில் வீற்றிருக்கும் பெருமானின் இடப்பாகம் கொண்டவளே, எருமைத்தலை அசுரனின் செருக்கைச் சூலத்தால் பிளந்தவளே, இந்த எழுத்தில் பொய் புகாமல் காத்தருள்க. சினமும் புகாமல் காக்கவேண்டும் என்று கேட்பதுதான் முறை. இன்று அதை நான் கேட்கவில்லை.

இன்று புரட்டாதி வளர்பிறைத் தசமி, விஜயதசமி. எங்கள் தெருவில் இந்நாளை மானம்பூ என்போம். அம்மாள் வேட்டைக்கு எழுந்தருளி, அசுரனாக நாட்டிய வாழையை வெட்டி வீழ்த்தும் நாள். சிறுபிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் நாளும் இதுவே. எழுபது வயதைக் கடந்த நான் இன்று தொடக்கும் ஏடு, ஒரு மனிதரின் பெயரைக் கழுவுவதற்கானது.

என் சின்ன மாமா ஆடி மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். அம்மாவின் கடைசித் தம்பி அவர். இறுதிக்காலத்தைப் பாலையூற்றில் என் வீட்டிலேயே கழித்தார். செத்தவீட்டுக்கு வந்த அயலவர் நல்லவர்கள்தாம். பந்தல் இட்டார்கள், கதிரை அடுக்கினார்கள், தேநீர் பரிமாறினார்கள். அவ்வளவில் நிறுத்தியிருந்தால் வாயார வாழ்த்தியிருப்பேன். அவர்கள் சந்தியில் ஒரு பதாகையும் கட்டினார்கள். மாமாவின் படத்தின் கீழே, அவருடைய பெயரைவிடப் பெரிய எழுத்தில், ‘நடுக்கத்தார் என்று அனைவராலும் அன்புடன் அழைக்கப்பட்டவர்’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

அன்புடனாம்! ஒருவரின் முதுகுக்குப் பின்னே அறுபது ஆண்டு சொல்லிச் சிரித்த பெயரை, அவர் எழுந்து மறுக்கமுடியாத நாளில் முகத்துக்கு நேரே எழுதி ஒட்டுவதற்கு அன்பு என்று பெயரா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு நூலை நாங்கள் கல்வெட்டு என்போம். அதற்குரிய பாடல்களை நானே எழுதினேன். கோயில் சபையின் செயலாளராக இருக்கும் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார்.

“அம்மா, கோவிக்காதேங்கோ. அந்தப் பேரையும் பாட்டில ஒருக்காச் சேருங்கோவன். பதிவில இருக்கிற பேரைச் சொன்னால் ஊரில ஆருக்கும் ஆளை விளங்காது.”

“அந்தப் பேர் எப்பிடி வந்தது எண்டு உமக்குத் தெரியுமோ தம்பி?”

“தெரியாதே? கோயில் போட்டிக்குக் குடிச்சிட்டு வந்து கை நடுங்கினவராம். அந்தக் காலத்துப் பகிடிதானே அம்மா.”

நான் தொலைபேசியை வைத்தேன். பாடலில் அப்பெயரை நான் சேர்க்கவில்லை. அவர்கள் நூலின் பின்னட்டையில் சேர்த்துவிட்டார்கள்.

அந்தப் பகிடி பிறந்த இடத்தில் நான் நின்றேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சின்ன மாமா சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளின் குழாய்களைப் பொருத்தும் வேலையில் இருந்தார். நாட்டைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் தம் காற்றுத் துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாமா அதைக்கொண்டு ஒரு காகத்தையேனும் சுட்டதில்லை. எங்கள் வீடு சைவ வீடு, அவரும் சைவர். ஆண்டுக்கு ஒருநாள், மானம்பூவன்று, கோயில் வெளியில் தொங்கும் எலுமிச்சங்காய்களை, எங்கள் பேச்சில் தேசிக்காய்களை, சுடுவதற்காகவே அது எங்கள் வீட்டில் இருந்தது.

அந்தப் போட்டி அம்மாளின் வேட்டையோடு சேர்ந்த வழக்கம். இரண்டு கம்பங்களுக்குக் குறுக்கே ஒரு தடி கட்டி, அதில் ஐந்து தேசிக்காய்களை நூலில் தொங்கவிடுவார்கள். இருபத்தைந்து அடி எண்ணி நின்று ஐந்து முறை சுடவேண்டும். வென்றவருக்கு மாலையில் அம்மாள் சந்நிதியில் முதற் காளாஞ்சி, அதாவது வெற்றிலை பாக்கு மாலையோடு ஊர் அறியக் கொடுக்கும் மரியாதை கிடைக்கும். மாமா மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐந்துக்கு ஐந்தும் வீழ்த்தியவர். ஆயினும் அவர் பெரிதாக மதித்தது காளாஞ்சியை அன்று. அம்மாளைக் காவும் தடியில் முன்னே இடப்புறம் தோள்கொடுப்பவர் அவர். அந்த இடத்துக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருப்பார்.

அந்த ஆண்டு நவமியன்று பிற்பகல், ஆயுத பூசைக்கு முன்னர், மாமா முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றை மேசைமேல் படுக்கவைத்துச் சன்னங்களைத் தெரிந்துகொண்டிருந்தார். காற்றுத் துப்பாக்கியில் இடுகின்ற ஈயச் சன்னத்தை உருண்டை என்று பலர் நினைக்கிறார்கள். அது உருண்டை அன்று. பெருமான் கையிலுள்ள உடுக்கையைப் பயற்றளவு சிறிதாக்கி ஈயத்தில் வார்த்தாற்போல இருக்கும். முன்னே கனத்த தலை. நடுவே ஒடுங்கிய இடை. பின்னே விரிந்த வால். வாலின் உள் வெறுமையானது. நகரக் கடையில் கடதாசிச் சுருளில் கட்டித் தருவன ஒன்றோடொன்று மோதி விளிம்பு நசுங்கியிருக்கும். மாமா கொழும்பிலிருந்து தட்டையான தகரப்பேணியில் வருவித்தார். அவற்றையும் அப்படியே நம்பிவிடமாட்டார். ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் உருட்டுவார். நல்லது ஒரே ஓட்டமாக வளைந்து உருளும்; கெட்டது துள்ளும். துள்ளியதை ஒதுக்கிவிடுவார்.

“இதென்ன மாமா, அரிசியில கல்லுப் பொறுக்கிற மாதிரி?”

“அரிசியில கல்லிருந்தால் பல்லுத்தான் போகும் பிள்ளை. இதில கோணல் இருந்தால் மானம் போயிடும்.”

“அம்மாள் பாத்துக்கொள்ளுவா தானே?”

“அம்மாளுக்கு ஆயிரம் வேலை. சன்னத்தை நான் பாக்கிறன்.”

என் சினம் அங்கே பிறந்தது. அந்த வயதில் அம்மாள் பேரிலான நூற்றெட்டுப் போற்றிகளையும் பிழையின்றி ஒப்புவிப்பவள் நான். அந்தப் பெருமை எனக்கு மிகுதியாகவே இருந்தது. பூசைத் தட்டுக்கு முன்னே அரை நாழிகைகூட அமராத மனிதர், ஈயத்துண்டுகளுக்கு முன்னே மாலைவரை தவம் கிடக்கிறாரே என்று உள்ளம் கொதித்தது. அவர் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு சன்னங்களையும் ஒரு பித்தளைச் சிமிழில் இட்டு, துப்பாக்கியோடு பூசை அறையில் வைத்தார். அம்மாவின் தையல் இயந்திரமும், அப்பாவின் பேனையும், என் பள்ளிப் புத்தகங்களும் அங்கே இருந்தன. ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாமா குளிக்கப் போனார்.

பூசைக்குச் சந்தனம் அரைப்பது என் கடமை. அரைத்த சந்தனத்தைப் புத்தகத்துக்கு இட்டேன், தையல் இயந்திரத்துக்கு இட்டேன், துப்பாக்கியின் பிடிக்கும் இட்டேன். சிமிழைத் திறந்து ஒரு சன்னத்தைக் கையில் எடுத்தேன். அதன் பின்னே எவ்வளவு வடிவான சின்னக் கிண்ணம்! சந்தனம் வைப்பதற்கு அல்லாமல் வேறு எதற்காக அப்படி ஒரு கிண்ணத்தை வார்த்திருப்பார்கள்? மாமா செய்யத் தவறிய பக்தியை நான் செய்துமுடிப்பேன் என்று உறுதிகொண்டேன். ஈர்க்கு நுனியில் சந்தனம் தொட்டு, ஒரு சன்னத்துக்கு ஒரு போற்றி சொல்லி, பன்னிரண்டு கிண்ணங்களையும் நிரப்பினேன். வெளியே பட்டதைப் பஞ்சால் துடைத்துச் சிமிழை மூடினேன். காலையில் அது காய்ந்து இறுகியிருந்தது.

தசமியன்று பிற்பகல் கோயில் வெளியில் ஊரே கூடியிருந்தது. மாமாவுக்கு எதிராளி, சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஓர் இளைஞர். இரவல் துப்பாக்கி, கடைச் சன்னம். அவர் முதலில் சுட்டு இரண்டு தேசிக்காய்களை வீழ்த்தினார்.

“அண்ணைக்கு மூண்டு மிச்சம் வைச்சிருக்கிறன், போதுமோ?” என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். புதிதாக ஐந்து தேசிக்காய்கள் கட்டப்பட்டன.

மாமா துப்பாக்கியின் குழலை மடித்துத் திறந்தார். சிமிழிலிருந்து ஒரு சன்னத்தை எடுத்தார். அதன் பின்புறத்தை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். பின்னர் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் முன்வரிசையில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன். அவர் புருவத்தைச் சற்றே உயர்த்தினார். நான் தலையை அசைத்தேன். சன்னத்தைக் குழலில் இட்டு மூடினார்.

முதற் சன்னம் இடப்புறம் வெறுவெளியில் போயிற்று. இரண்டாவது, குறுக்குத் தடிக்கும் மேலே. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

“என்ன அண்ணை, சன்னம் சரியில்லையோ? என்ரயில மூண்டு தரட்டோ?” என்றார் சைக்கிள்கடைக்காரர். அதில் கேலி பாதி, கரிசனை பாதி.

“வேண்டாம் தம்பி. எனக்கு இது காணும்” என்றார் மாமா.

எனக்கு மெய்சிலிர்த்தது. அம்மாளின் காலடியில் இருந்த சன்னத்தை விட்டுக் கடைச் சரக்கை வாங்குவாரா என்று பெருமிதம் கொண்டேன். மூன்றாவது சன்னம் வலப்புறக் கம்பத்தில் பட்டது. நான்காவது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஐந்தாவதற்கும் தேசிக்காய்கள் அசையாமல் தொங்கின.

கை நடுங்கினாலும் சூடு இப்படித்தான் சிதறும். சன்னம் கெட்டிருந்தாலும் இப்படித்தான் சிதறும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. தெரியாதபோது கிட்டப் போய்ப் பார்க்கவேண்டாமா? சிமிழ் அங்கே திறந்தபடியே இருந்தது. அதற்குள் ஒருவரேனும் எட்டிப்பார்க்கவில்லை. சபைத் தலைவர் சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, நின்ற இடத்தில் நின்றபடியே தீர்ப்புக் கூறினார்.

“என்ன காணும், கை நடுங்குது? எங்க போட்டு வாறீர்?”

“சீனன்குடாவில இவர் பாக்கிறது எண்ணெய்த் தாங்கியோ, இல்லாட்டி வேற தாங்கியோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

“நான் குடிக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்” என்றார் மாமா.

“அப்ப ஏன் ஒண்டும் படேல்லை? போன வருசம் அஞ்சும் பட்டதே. அதுக்கு ஒரு நியாயம் சொல்லும் பாப்பம்.”

மாமா சிமிழை மூடி மடியில் செருகிக்கொண்டார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, நீர் வீட்டில இருக்கிறனீர். மாமா குடிக்கிறவரோ? பயப்பிடாமல் சொல்லும்.”

மாமா குடிக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அன்று காலை அம்மா கொடுத்த பாற்கஞ்சியைத் தவிர அவர் எதையும் தொடவில்லை என்பதும் தெரியும். ஆனால் என் கணக்கு வேறாக இருந்தது. சந்தனம் வைத்தவள் நான், போற்றி சொன்னவள் நான், அம்மாள் பொய்க்கமாட்டாள். ஆகவே பிழை மாமாவிடந்தான் இருக்கவேண்டும்; எனக்குத் தெரியாத ஏதோ குற்றம் செய்திருக்கிறார். சினத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

“பாத்தீங்களே, பிள்ளைக்குச் சொல்ல ஏலாமல் இருக்கு” என்றார் தலைவர்.

என் வாய்மூடல் அப்படித்தான் சாட்சியாயிற்று. நியாயம் கேட்ட பெரியவர், ஒன்பது வயதுப் பிள்ளையின் மௌனத்தை வைத்து ஒரு மனிதரின் ஒழுக்கத்தை அளந்தார். அவர்மேல் எனக்குள்ள சினம் இன்றும் ஆறவில்லை. அந்தப் பிள்ளைமேல் உள்ள சினமும் ஆறவில்லை.

மாலையில் மாமா முழுகி, வெள்ளை வேட்டி உடுத்து, மார்பெல்லாம் திருநீறு பூசி வந்தார். அம்மாள் வேட்டைக்கு எழுந்தருள ஆயத்தமாக இருந்தாள். மேளம் தொடங்கியது. மாமா தமக்குரிய இடத்துக்குப் போய்த் தடியில் கைவைத்தார். தலைவர் அந்தக் கையை எடுத்து அப்பால் விட்டார்.

“நீர் ஒதுங்கி நில்லும். ஆட்டம் காணுற கையில அம்மாளைக் குடுக்க ஏலாது.”

மாமா ஒதுங்கினார். அவருடைய இடத்தில் இன்னொருவர் தோள்கொடுத்தார். அம்மாள் புறப்பட்டாள், வாழை வெட்டுண்டது, சைக்கிள்கடைக்காரருக்குக் காளாஞ்சி கிடைத்தது. மாமா வீதியின் ஓரத்தில், வேலிக்கு அருகே, கைகூப்பி நின்றார். அதன்பின் அவர் உயிரோடிருந்த ஒவ்வொரு மானம்பூவுக்கும் அந்த வேலியருகே வந்து நின்றார். ஒருமுறையேனும் எவரும் அவரைத் தடிக்கு அழைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை எண்ணெய்க் குழாயில் மயிரிழை பிசகாமல் மரை பூட்டிய கை அது. அந்தக் கைக்கு ஊர் வைத்த பெயர் நடுக்கத்தார்.

மறுநாள் காலை குசினி வாசலில் அவரை மறித்தேன்.

“நீங்கள் குடிச்சனீங்களோ மாமா?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப ஏன் படேல்லை?”

“சில நாளில படாது.”

“அது எப்பிடி? நான் எல்லாத்துக்குள்ளையும் சந்தனம் வைச்சனான். ஒவ்வொண்டுக்கும் போற்றி சொன்னனான். அம்மாளின்ர சந்தனம் வைச்ச சன்னம் எப்பிடிப் படாமல் போகும்?”

அவர் என் தலையைத் தடவினார். பிறகு சிரித்தார்.

“அது சரிதான். அப்ப பிழை என்ர கையிலதான்.”

குற்றத்தை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன் என்ற வெற்றியோடு திரும்பினேன். தைப்பொங்கல்வரை அவரோடு கதைக்கவில்லை. அந்த இடைக்காலத்தில் அவர் துப்பாக்கியைத் தம்பலகாமத்து வயற்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பொங்கலன்று அவராகவே வந்து எனக்கு ஒரு கரும்பு தந்தார். நானும் பெருந்தன்மையோடு மன்னித்தேன். ஆம், நான் அவரை மன்னித்தேன்! இதை எழுதும்போது கை நடுங்குகிறது. இந்த நடுக்கத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும்.

வளர்ந்தபின் அந்த நிகழ்ச்சி என் நினைவில் ஒரு மூலைக்குப் போய்விட்டது. மாமா அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. அந்தியேட்டி முடிந்த மறுவாரம் அவருடைய அலுமாரியை ஒழுங்குபடுத்தினேன். திருநீற்றுப் பைக்கு அடியில், வெள்ளைத் துணியில் சுற்றியபடி அந்தப் பித்தளைச் சிமிழ் இருந்தது. உள்ளே ஏழு சன்னங்கள். ஈயம் வெளிறிப் பூத்திருந்தது. ஏழின் பின்புறத்திலும் என் சந்தனம் கல்லாய் இறுகியிருந்தது. அவர் அதைச் சுரண்டவில்லை, எறியவுமில்லை. திருநீற்றோடு வைத்து வணங்கியிருக்கிறார்.

முகம்பார்க்கும் கண்ணாடியை மேசையில் படுக்கவைத்தேன். ஒரு சன்னத்தை உருட்டினேன். அது இரண்டுமுறை துள்ளிற்று. சந்தனம் கூடுதலாகப் படிந்த பக்கம் கீழே வர, தலையாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஏழையும் உருட்டினேன். ஒன்றும் ஒழுங்காக ஓடவில்லை. என் பேரன் இயந்திரங்கள் பற்றிப் படித்தவன். அவனை அழைத்துக் காட்டினேன். அந்தக் கிண்ணம் வெறுமையாக இருப்பதற்காகவே வார்க்கப்பட்டது என்றான். காற்று அதற்குள் புகுந்து, மெல்லிய விளிம்பை விரித்து, குழலின் உள்ளே திருகாக வெட்டிய புரிகளோடு இறுக்கவேண்டும். இறுகினால்தான் சன்னம் சுழலும். கனம் தலையில் இருந்தால்தான் வால் பின்னாலேயே வரும் என்றான். வாலில் கனத்தை ஏற்றிவிட்டால், அதையும் ஒருபக்கமாக ஏற்றிவிட்டால், துப்பாக்கியைக் கம்பத்தில் கட்டி வைத்துச் சுட்டாலும் தேசிக்காயில் படாது அம்மம்மா என்றான்.

ஆகவே இன்று மாலை, அம்மாள் புறப்படுமுன், இந்தச் சிமிழையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன். சபையார் முன்னிலையில் ஏழையும் உருட்டிக் காட்டுவேன். சந்தனம் அரைத்தவள் நான் என்று சொல்வேன். வாய்மூடி நின்றவளும் நானே என்று சொல்வேன். சந்தியில் வெயிலில் வெளுத்துத் தொங்கும் பதாகையை அவர்களே கழற்றவேண்டும். கழற்றாவிட்டால் ஏணி வைத்து நானே ஏறுவேன். என் வயதைக் கண்டு எவரும் அஞ்சவேண்டாம்.

இவ்வளவையும் அந்தப் பிள்ளை அறியாமல் இருந்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஈயத்தைப் பற்றியும் காற்றைப் பற்றியும் ஒன்பது வயதில் என்ன தெரியும்? பொறுக்க முடியாதது வேறொன்று. போட்டி வெளியில், முதற் சன்னத்தை வெயிலுக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, மாமா என்னை நோக்கிப் புருவம் உயர்த்தினாரே, அந்தப் பார்வை. சுடுவதற்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரவல் சன்னம் கேட்டிருக்கலாம். ஓர் ஊசியால் கிண்டி எடுத்திருக்கலாம். உரத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் செய்ததெல்லாம், முன்வரிசையில் கைகூப்பி நின்ற பிள்ளையிடம், “நீயோ வைச்சனீ?” என்று கண்ணால் கேட்டது மட்டுமே.

மாமா என்னிடம் அருள் வேண்டுகிறார் என்று நான் நினைத்தேன். பெருமையோடு, ஓம் என்று தலையசைத்தேன். அதன் பிறகே அவர் சன்னத்தைக் குழலில் இட்டார்.

இதை வாசித்த அனைவருக்கும் அம்மாள் கண்ணில் தெளிவும் நாவில் துணிவும் தந்தருள்க. பிறர் குறி தவறக் காணும்போது கிட்டப் போய்ப் பார்க்கும் பொறுமை உங்களுக்கு வாய்க்கட்டும். நீங்கள் வாய்திறக்கவேண்டிய இடத்தில் அவளே உங்கள் வாக்காக நிற்கட்டும். உங்கள் இல்லங்கள் நிறைக. உங்கள் பிள்ளைகள் வாழ்க.